மூன்று மில்லிமீட்டர் மரவட்டைக்கும் ஒரு குடும்பம் உண்டு

மழை ஓய்ந்ததும் சுவரோரம் ஊர்ந்து வரும் மரவட்டை நம் எல்லோருக்கும் பழக்கம். விரல் நீளம், வழவழப்பான ஓடு, தொட்டால் வட்டமாகச் சுருண்டுகொள்ளும் குணம். பிள்ளைகள் அதை ரயில் பூச்சி என்பார்கள். இந்தக் கட்டுரையில் வரும் பிராணியும் மரவட்டைதான். ஆனால் அந்த ரயில் பூச்சிக்குப் பக்கத்தில் இதை வைத்தால் இரண்டும் உறவு என்று யாரும் நம்ப மாட்டார்கள். இதன் நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். ஓடு இல்லை, உடம்பு மிருது. முதுகில் வரிசை வரிசையாகவும், பக்கவாட்டில் கொத்துக் கொத்தாகவும் முள்மயிர் இருக்கும். வால் முனையில் வெளிறிய பளபளப்புடன் ஒரு மயிர்க்கற்றை. மரப்பட்டைக்கு அடியிலும் பழைய கற்சுவரின் இடுக்கிலும் இருந்துகொண்டு பாசியையும் கற்பாசியையும் சுரண்டித் தின்னும்.

இவை சேர்ந்திருக்கும் குடும்பத்துக்கு அறிவியல் பெயர் பாலிக்செனிடே. விலங்கு வகைப்பாடு எப்படி வேலை செய்கிறது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன். புலியையும் பூனையையும் ஒரே குடும்பத்தில் வைத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, கண்ணுக்கே தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வகைப்பாட்டின் வேலை தெரியும்.

ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் பாலிக்செனஸ் லகுரஸ் என்ற சிற்றினத்தை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே இறங்கினால் விலங்குலகம், அதில் கணுக்காலிகள் தொகுதி, அதில் மரவட்டைகளின் வகுப்பான டிப்ளோபோடா. அந்த வகுப்புக்குள் பெனிசில்லாட்டா என்ற துணைவகுப்பு, பாலிக்செனிடா என்ற வரிசை, பாலிக்செனிடே என்ற குடும்பம், பாலிக்செனஸ் என்ற பேரினம், கடைசியில் லகுரஸ். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே ஏணிதான். அங்கே சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஏணியின் ஒவ்வொரு படியும் ஓர் உரிமைகோரல். ‘இந்தப் படிக்குள் இருப்பவை அனைத்தும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை, அந்த மூதாதையின் வாரிசுகளில் எதுவும் வெளியே விடப்படவில்லை’ என்பதே அது. ஆகவே குடும்பம் என்பது பொருள்களை அடுக்கி வைக்கும் அலமாரி அல்ல. நாளைக்கு ஒரு புதிய சான்று வந்து தவறு என்று காட்டிவிடக்கூடிய ஒரு கூற்று.

வரிசையின் பெயரும் குடும்பத்தின் பெயரும் காதில் ஒன்றுபோல விழும், புதியவர்கள் குழம்புவது இங்கேதான். மரவட்டைகளில் ‘இடா’ என்று முடிந்தால் வரிசை, ‘இடே’ என்று முடிந்தால் குடும்பம். விலங்கியலில் எந்தக் குடும்பப் பெயரும் அதன் மாதிரிப் பேரினத்தின், அதாவது அந்தக் குடும்பத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட பேரினத்தின் பெயரோடு ‘இடே’ சேர்த்தே உருவாகும். பாலிக்செனஸ் பேரினத்தைப் பிரான்சின் லத்ரேல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்படுத்தினார். அதை அடியாக வைத்து இன்னொரு பிரெஞ்சு விலங்கியலாளர் லூக்காஸ் 1840இல் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தார். ஆய்வுக் கட்டுரைகளில் ‘பாலிக்செனிடே லூக்காஸ், 1840’ என்று இருப்பது அதனால்தான்.

சிற்றினத்தின் பெயரை எழுதும்போது மட்டும் ஓர் அடைப்புக்குறி வரும்: பாலிக்செனஸ் லகுரஸ் (லின்னேயஸ், 1758). இந்த அடைப்புக்குறி அலங்காரம் இல்லை, ஒரு வரலாற்றையே சொல்கிறது. வகைப்பாட்டுக்கு அடித்தளமிட்ட சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் இந்தப் பிராணிக்குப் பெயர் வைத்தபோது வேறொரு பேரினத்தில் வைத்தார், பிறகு அது இடம் மாற்றப்பட்டது என்பதே அதன் பொருள். அடைப்புக்குறி இல்லாமல் பெயரும் ஆண்டும் வந்தால், முதலில் வைத்த பேரினத்திலேயே அது இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு சின்னக் குறிக்குள் இவ்வளவு செய்தியை அடக்கிய முறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

லின்னேயஸ் இதை எங்கே வைத்தார்? ஸ்கோலோபெண்ட்ரா பேரினத்தில், அதாவது பூரானோடு. அவரிடம் மரவட்டைகளுக்கென்று யூலஸ் என்ற தனிப் பேரினம் இருந்தது. இருந்தும் இது பூரான் பக்கம் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த அளவுகோல்களை வைத்துப் பாருங்கள்: மரவட்டை என்றால் உருளை வடிவம், கெட்டி ஓடு. இதற்கு ஓடும் இல்லை, உருளையும் இல்லை. உடம்பு தட்டையாக, பக்கவாட்டில் துருத்திக்கொண்டு இருக்கிறது. ஓடு இல்லாததால் இது மரவட்டை இல்லை என்று முடிவு கட்டுவது இயல்புதான்.

ஆனால் காலை எண்ணினால் கதை மாறுகிறது. பூரானுக்கு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால். மரவட்டைக்கு, முன்பக்கத்துச் சில வளையங்களை விட்டுவிட்டால், வளையத்துக்கு இரண்டு ஜோடி. இரண்டு வளையங்கள் ஒன்றாக இணைந்து ஒன்றானதன் விளைவு இது. மரவட்டைகளின் மூதாதையிடம் தோன்றி வாரிசுகள் அனைத்துக்கும் வந்த புதுமை. நம் மூன்று மில்லிமீட்டர் பிராணியிடமும் இந்த இரட்டை வளையம் இருக்கிறது. கூடவே, பூரானுக்கு முதல் ஜோடிக் கால்களே நச்சுக் கொடுக்குகளாக மாறியிருக்கும், இதற்கு அது கிடையாது. ஆகவே இது மரவட்டைதான்.

இங்கேதான் வகைப்பாட்டின் மையமான விதி வருகிறது. இல்லாததை வைத்து உறவு சொல்லக் கூடாது. பழையதை வைத்தும் சொல்லக் கூடாது. புதிதாகத் தோன்றி, பகிர்ந்துகொள்ளப்பட்ட பண்பை வைத்தே உறவு சொல்ல வேண்டும். ஊரில் மீசை வைக்காதவர்கள் எல்லாரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் ஆகிவிட மாட்டார்கள் அல்லவா? ஓடு இல்லை என்பதும் அப்படித்தான். பூரானுக்கும் சுண்ணாம்பு ஏறிய ஓடு இல்லை, பூச்சிகளுக்கும் இல்லை, சிலந்திக்கும் இல்லை. இல்லாமை ஒரு சான்றாகாது.

‘பழையதை வைத்தும் சொல்லக் கூடாது’ என்ற பகுதிதான் பலருக்கும் உறைக்காது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பாலிக்செனஸ் ஆண், பெண்ணோடு நேரடியாக இணைவதில்லை. இடுக்கு ஒன்றில் மெல்லிய நூலால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு வலை பின்னும். அதன்மேல் விந்துத் துளிகளை வைக்கும். அங்கிருந்து வழிகாட்டும் நூல்களையும் இழுத்துவிடும். பெண் அந்த நூலைத் தொட்டுக்கொண்டே வந்து விந்தைத் தானே எடுத்துக்கொள்ளும். நமக்குத் தெரிந்த பெரிய மரவட்டைகள் இப்படிச் செய்வதில்லை. அவற்றின் ஆண்களுக்கு ஒன்றிரண்டு ஜோடிக் கால்கள் இணைவதற்கான கருவிகளாகவே மாறியிருக்கின்றன. வலை பின்னி அதில் விந்தை வைக்கும் வேலையைச் செய்பவை பூரான்கள். அப்படியானால் லின்னேயஸ் சொன்னதுதான் சரியா, இது பூரானின் உறவா? இல்லை. பூரான், மரவட்டை, அவற்றின் சிறிய உறவுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பலகாலி மூதாதையிடமே நேரடி இணைவு இல்லாத பழைய முறை இருந்திருக்கும். பாலிக்செனஸ் அதைக் கைவிடவில்லை, பெரிய மரவட்டைகள் கைவிட்டன. பாட்டன் சொத்தை இருவர் வைத்திருக்கிறார்கள் என்பதால் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று ஆகாது.

இந்த விதியின்படி மரவட்டைகளைப் பிரித்தால் முதல் பிளவு எங்கே விழும் என்பது தெளிவாகிறது. இதுவரை பெயரிடப்பட்ட மரவட்டைச் சிற்றினங்கள் ஏறத்தாழ 12,000. அவற்றில் பெரும்பான்மையும் கைலோக்நாதா என்ற ஒரு பிரிவுக்குள் போய்விடும். சுண்ணாம்பு ஏறிய கெட்டி ஓடு, ஆணிடம் உருமாறிய கால்கள் ஆகிய இரண்டும் அந்தப் பிரிவின் புதுமைகள். நம் ரயில் பூச்சி அதில்தான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் கோலிக்குண்டுபோல உருண்டுகொள்ளும் ஆர்த்ரோஸ்பேராவும் அதில்தான். மறுபக்கம் நிற்பது பெனிசில்லாட்டா. அதில் இன்று உயிரோடு இருக்கும் வரிசை ஒன்றே ஒன்று, பாலிக்செனிடா. அதன் சிற்றினங்கள் இருநூறைக்கூடத் தொடவில்லை. தராசின் ஒரு தட்டில் பத்தாயிரத்துக்கு மேல், இன்னொரு தட்டில் நூற்றுச் சொச்சம் என்றால் அநியாயமாகத் தோன்றலாம். வகைப்பாட்டில் எண்ணிக்கைக்கு இடமில்லை. கிளை எங்கே பிரிந்தது என்பது மட்டுமே கணக்கு.

பெனிசில்லாட்டாவை ஒன்றாகச் சேர்ப்பது ஓடு இல்லாமை அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள். சேர்ப்பது அந்த முள்மயிர். ஓரத்தில் பல் வைத்த, கொத்துக் கொத்தாக அமைந்த இத்தகைய மயிர் வேறெந்த மரவட்டைக்கும் கிடையாது.

அந்த மயிர் என்ன செய்கிறது என்பது 1996இல் வெளியான ஓர் ஆய்வில் அருமையாக வெளிப்பட்டது. பூச்சியியலாளர் தாமஸ் ஐஸ்னரும் உடன் பணியாற்றியவர்களும் ஃபுளோரிடாவில் பாலிக்செனஸ் ஃபாசிகுலேட்டஸ் என்ற சிற்றினத்தை எறும்புகளோடு விட்டுப் பார்த்தார்கள். பெரிய மரவட்டைகள் பலவற்றிடம் இருக்கும் நச்சுச் சுரப்பி இதற்கு இல்லை. எறும்பு நெருங்கியதும் இது வாலைத் திருப்பி அந்த மயிர்க்கற்றையை எறும்பின் மேல் ஒற்றியது. மயிர்கள் கழன்று எறும்பின் உடம்பில் ஒட்டிக்கொண்டன. வால் மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் தூண்டில்போல வளைந்த கொக்கி இருக்கிறது, தண்டிலும் முட்கள் இருக்கின்றன. கொக்கி எறும்பின் மயிரைப் பற்றுகிறது, முட்கள் பக்கத்து மயிரோடு கோத்துக்கொள்கின்றன. எறும்பு தன்னைத் துடைத்துக்கொள்ளக் காலை ஓட்ட ஓட்ட, சிக்கல் இறுகுகிறது. சில எறும்புகள் கடைசிவரை விடுபடவே இல்லை. அந்த நேரத்தில் மரவட்டை நகர்ந்துவிடுகிறது. இழந்த மயிர் அடுத்த முறை சட்டை உரிக்கும்போது மீண்டும் வந்துவிடும்.

வகைப்பாட்டுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எளிதில் கழன்றுவிடும் மயிரை வைத்து எப்படிச் சிற்றினத்தை அடையாளம் காண்பது? சேகரித்துச் சாராயத்தில் போட்டாலே பாதி உதிர்ந்துவிடும். மயிர் போனாலும் அது முளைத்திருந்த குழி முதுகுத் தகட்டில் அப்படியே இருக்கும். ஆய்வாளர்கள் அந்தக் குழிகளைத்தான் பார்க்கிறார்கள். பிராணியைக் கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு தகட்டிலும் குழிகள் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன என்று வரைந்துகொள்கிறார்கள். அதோடு உணர்கொம்பின் கடைசிக் கணுக்களில் இருக்கும் உணர்முளைகளின் எண்ணிக்கை, கீழுதட்டுத் தகட்டில் இருக்கும் முளைகள், பாதத்தின் நுனியில் நகம் அமைந்திருக்கும் விதம், வால் கற்றையின் அமைப்பு. ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு அளவுள்ள உறுப்புகளில் நடக்கும் வேலை இது.

இனி குடும்பத்துக்கு வருவோம். பாலிக்செனிடா வரிசைக்குள் நான்கு குடும்பங்கள்: பாலிக்செனிடே, லோஃபோப்ராக்டிடே, ஹைப்போஜெக்செனிடே, சின்க்செனிடே. இவற்றில் சின்க்செனிடேயைப் பிரிப்பது எளிது. வளர்ந்த பிராணிக்கு 15 அல்லது 17 ஜோடிக் கால்கள் இருக்கும். நம் பாலிக்செனிடேக்கு 13 ஜோடி.

‘வளர்ந்த பிராணிக்கு’ என்று சொன்னதில்தான் சூட்சுமம். முட்டையிலிருந்து வெளிவரும் பாலிக்செனஸ் குஞ்சுக்கு மூன்றே ஜோடிக் கால்கள். அதைப் பார்த்தால் ஆறு கால் பூச்சி என்றே தோன்றும். பிறகு ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் பின்பக்கத்தில் புதிய வளையமும் கால்களும் சேரும். 3, 4, 5, 6, 8, 10, 12, பிறகு 13 என்று எட்டாவது நிலையில் கணக்கு முடியும். அதன்பின் சட்டை உரித்தாலும் கால் கூடாது. ஆகவே பத்து ஜோடிக் காலோடு ஒன்று கிடைத்தால் புதிய குடும்பம் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளக் கூடாது, அது இன்னும் வளர்ந்து முடியாத பிள்ளை. ஒப்பிடும்போது ஒரே பருவத்தோடு ஒரே பருவத்தை ஒப்பிட வேண்டும் என்பது எந்த விலங்குக்கும் பொருந்தும். இவற்றில் அதை மறந்தால் மொத்தக் கணக்கும் தப்பிவிடும்.

13 ஜோடி உள்ள மற்றக் குடும்பங்களிலிருந்து பாலிக்செனிடேயைப் பிரிக்க, மேலே சொன்ன நுண்ணுறுப்புகளுக்குத்தான் போக வேண்டும். லோஃபோப்ராக்டிடேயில் உள்ள லோஃபோப்ராக்டஸ் பேரினத்துக்குக் கண்ணே கிடையாது. அப்படியானால் கண் இல்லாதவை லோஃபோப்ராக்டிடே என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். முடியாது. அதே குடும்பத்தின் லோஃபோடூரஸ் பேரினத்துக்குக் கண்கள் உண்டு. இருட்டில் வாழப் போன விலங்குகள் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகக் கண்ணை இழந்திருக்கின்றன. மறுபடியும் அதே விதிதான், இல்லாததை வைத்து உறவு சொல்ல முடியாது.

குடும்பத்தின் உள்ளே பேரினங்களைப் பிரிப்பது இன்னும் சிக்கல். இத்துறையில் நெடுங்காலம் உழைத்த புரூனோ கொண்டே, மோனிக் நுயென் துய்-ஜாக்மேன் ஆகிய இருவரும் 2008இல் பாலிக்செனிடேயின் வகைப்பாட்டை மறுபரிசீலனை செய்து வெளியிட்டார்கள். 1840இல் பெயர் பெற்ற ஒரு குடும்பத்தின் உட்பிரிவுகள் 168 ஆண்டுகளுக்குப் பிறகும் திருத்தப்படுகின்றன. சிலர் இதைக் கேட்டதும் ‘அப்படியென்றால் இவர்களுக்கே நிச்சயமில்லையா’ என்பார்கள். எனக்கு இது எதிர்மாறாகப் படுகிறது. திருத்த இடம் இருப்பதால்தான் அது அறிவியல்.

இந்தியாவுக்கும் இந்தக் குடும்பத்தில் ஒரு பங்கு உண்டு. யூனிக்செனஸ் என்ற பேரினத்தை 1944இல் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஏற்படுத்தியது இந்தியாவில் கிடைத்த பாலிக்செனிடே மரவட்டையை வைத்துத்தான். அதே பேரினத்தின் சிற்றினங்கள் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. அவற்றில் ஒன்றான யூனிக்செனஸ் மியோபெர்கி அங்கே சில சமயம் வீடுகளுக்குள் கூட்டமாக நுழைந்து மக்களைத் தொந்தரவு செய்யும் அளவுக்குப் பெருகுகிறது.

ஆண் இல்லாத கூட்டங்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு. வட ஐரோப்பாவின் சில பகுதிகளில் பாலிக்செனஸ் லகுரஸ் பெண்கள் ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகுகின்றன. தெற்கே வந்தால் ஆணும் பெண்ணும் கலந்திருக்கும். தங்களுக்குள் இணைந்து இனம் பெருக்குபவை ஒரே சிற்றினம் என்ற பாடப்புத்தக இலக்கணம் இங்கே வாயடைத்து நிற்கும். இணைவே இல்லாத இடத்தில் யாரை யாரோடு சோதிப்பது? உருவத்தையும் மரபணுவையும் நம்பித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கிளை பிரிந்த இடத்தைச் சரியாகக் கண்டால், கையில் இல்லாத சான்றைப் பற்றியும் பேச முடியும். பாலிக்செனிடா வரிசையின் பழைய படிவங்கள் அம்பருக்குள்தான் கிடைக்கின்றன. மரப்பிசின் வழிந்து மூடி, இறுகி, அந்த மிருதுவான உடம்பை மயிரோடு அப்படியே காத்திருக்கிறது. லெபனான் அம்பரிலும் மியான்மர் அம்பரிலும் கிடைத்தவை கிரெட்டேசியஸ் காலத்தவை, அதாவது பத்துக் கோடி ஆண்டுகளைச் சுற்றியும் அதற்கு முன்பும். இன்றைய உருவத்துக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு முன்னே படிவம் இல்லை. ஆனால் கெட்டி உடம்பு கொண்ட மரவட்டைகளின் படிவங்கள் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளிலேயே கிடைக்கின்றன. பெனிசில்லாட்டாவும் கைலோக்நாதாவும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள் என்றால், ஒன்று இருந்த காலத்தில் மற்றதும் இருந்தே ஆக வேண்டும். ஆகவே இந்த மயிர்க் கிளைக்கும் ஏறத்தாழ அதே வயது. நடுவில் முப்பது கோடி ஆண்டுகளுக்குப் படிவம் இல்லாததற்குக் காரணம் அவை இல்லாமல் போனதல்ல. சுண்ணாம்பு இல்லாத மூன்று மில்லிமீட்டர் உடம்பு பாறையில் பதியாது, அவ்வளவே.

இதைப் படித்துவிட்டுத் தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்றிரண்டு செய்தி. பட்டை உரியும் மரம், பாசி படிந்த சுவர், காய்ந்த இலைக்குப்பை ஆகிய இடங்களில் கைக்கண்ணாடியோடு பொறுமையாகப் பாருங்கள். கம்பளி, தோல் முதலியவற்றை அரிக்கும் டெர்மெஸ்டிட் வண்டின் புழுவும் மயிரடர்ந்து கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் இருக்கும், பலரும் ஏமாறுவது அதில்தான். அந்தப் புழுவுக்கு மூன்றே ஜோடிக் கால்கள், அதுவும் முன்பக்கத்தில் மட்டும். பாலிக்செனிடாவுக்கு உடம்பு நெடுகக் கால்கள். படம் எடுத்து இணையத்தில் ஏற்றும்போது வரிசையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலிக்செனிடா என்று எழுத ஒரு நல்ல படம் போதும். பாலிக்செனிடே என்று எழுத வேண்டுமானால் வளர்ந்த பிராணியா என்று தெரிய வேண்டும், 13 ஜோடிக் கால்களை எண்ணியிருக்க வேண்டும், உதட்டுத் தகட்டையும் பாதத்து நகத்தையும் நுண்ணோக்கியில் பார்த்திருக்க வேண்டும்.